பன்றிக் குடல்நோய்த் தடுப்பு: மருந்து செல்லும் வழியும் அதன் பயனும்

நெற்செய்கையும் மரக்கறிச் செய்கையும் நடாத்தும் கமக்காரருள் ஒரு சாரார் தம் வளவில் இரண்டொரு பன்றிகளையும் வளர்த்து வருகின்றனர். ஆலையிலிருந்து வரும் தவிடும், சந்தைக்கு உதவாத கிழங்கும் மரக்கறியும் பன்றிக்கு உணவாகின்றன. பன்றியின் எரு மீண்டும் நிலத்தை அடைகின்றது. இவ்வாறு ஒன்றுக்கொன்று துணையாக நடைபெறும் தொழிலில் வருவாயைப் பெரிதுங் கெடுப்பது குட்டிகளைப் பீடிக்கும் வயிற்றோட்டமாகும். பத்துக் குட்டிகள் ஈன்ற பன்றியின் கீழ் ஒரு கிழமைக்குள் மூன்று நான்கே எஞ்சுமாயின், தாய்க்கு இட்ட தீனியின் விலைதானும் மீளாது.

இந்நோய்களைத் தடுப்பதற்கு மருந்துகள் உள. ஆயினும், “தாய்ப்பன்றிக்கு ஊசி ஏற்றினோம், குட்டிகள் இறந்தன, ஆதலால் ஊசியாற் பயனில்லை” என்று கூறுவோர் சிலர். “ஊசி ஏற்றியாயிற்று, இனி யாதொரு கவலையும் இல்லை” என்று கொட்டிலைத் துப்புரவு செய்யாது விடுவோர் வேறு சிலர். இவ்விரு எண்ணங்களும் பிழையானவை. குடல்நோய்களைப் பொறுத்தவரை எந்த மருந்தைக் கொடுத்தோம் என்பது எவ்வளவு முக்கியமோ, அதனை எவ்வழியாக, எக்காலத்திற் கொடுத்தோம் என்பதும் அவ்வளவு முக்கியமாகும். அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளும் கமக்காரர் வீண் செலவையும் வீண் நட்டத்தையுந் தவிர்க்கலாம்.

குட்டி பிறக்கும்போதுள்ள நிலை

மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் குருதியிலிருந்து நோயெதிர்க்கும் பொருள்களிற் சிலவற்றைப் பெற்றுப் பிறக்கின்றது. பன்றிக்குட்டியின் நிலை அவ்வாறன்று. பன்றியின் சூல்வித்தகம் பல படைகளைக் கொண்டதாகையால், பிறபொருளெதிரிகள் எனப்படும் இப்பொருள்கள் அதனைக் கடந்து கருவிலிருக்கும் குட்டியை அடைய மாட்டா. ஆகவே குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு இவ்வுலகிற்கு வருகின்றது. அதற்குக் கிடைக்கும் முதற் பாதுகாப்புத் தாயின் கடும்புப்பாலேயாகும்.

கடும்புப்பாலில் மிகுந்து காணப்படுவது ‘ஜீ’ வகையைச் சேர்ந்த பிறபொருளெதிரியாகும். புதிதாகப் பிறந்த குட்டியின் குடல் இதனைச் சிதைக்காது அப்படியே உறிஞ்சிக் குருதியிற் சேர்க்கும் ஆற்றல் வாய்ந்தது. இவ்வாற்றல் நெடுநேரம் நீடிப்பதில்லை. பிறந்து 24 மணி தொடக்கம் 36 மணி நேரத்துள் குடலின் இவ்வாயில் அடைபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல பால் குடித்தாலும் அதிலுள்ள எதிரிகள் குருதியை அடைவதில்லை.

சில நாட்களிற் கடும்புப்பால் சாதாரண பாலாக மாறுகின்றது. அப்பொழுது ‘ஜீ’ வகை குறைந்து ‘ஏ’ வகை எதிரியே மேலோங்கி நிற்கும். இவ்வகை குருதியிற் கலப்பதற்காக ஏற்பட்டதன்று. குடலிற் சுரக்கும் செரிப்பு நீர்களால் இலகுவிற் சிதையாது, குடலின் உட்புறத்திலுள்ள சீதமென்சவ்வைப் பூசினாற்போல நின்று, அங்கு வரும் கிருமிகளைப் பற்றி ஒட்டவொட்டாது தடுப்பதே இதன் தொழிலாகும். குட்டி ஏறக்குறைய மணிக்கொரு முறை பால் குடிக்கின்றது. ஒவ்வொரு முறையும் இப்பூச்சுப் புதுப்பிக்கப்படுகின்றது.

காவல் எங்கே நிற்க வேண்டும்?

வயலை அழிக்கும் காட்டுப்பன்றி வேலியின் ஒரு பொட்டினூடாக வருமாயின், காவலாளி வீட்டு முற்றத்தில் நின்று பயனென்ன? பொட்டு இருக்கும் இடத்திலன்றோ அவன் நிற்றல் வேண்டும்! குடல்நோய்க் கிருமிகளின் செயலும் இத்தகையதே. இவற்றுட் பெரும்பாலானவை வாய்வழியாக உட்புகுந்து, சிறுகுடலின் உட்பரப்பிலேயே தங்கித் தீமை விளைவிக்கின்றன. குருதியிற் புகுந்து உடலெங்கும் பரவுவன மிகச் சில. ஆகவே குருதியில் எவ்வளவு காவல் இருப்பினும், குடலின் பரப்பிற் காவல் இல்லையேல் நோய் உண்டாகும்.

தசையில் ஏற்றும் ஊசி பெரும்பாலும் குருதியில் ‘ஜீ’ வகை எதிரியையே பெருக்குகின்றது. வாய்வழியாகச் சென்று குடலை அடையும் உயிருள்ள கிருமியோ, அக்கிருமியின் வலு குறைக்கப்பட்ட வகையோ, குடற்சுவரிலுள்ள நிர்ப்பீடன இழையங்களைத் தூண்டி அவ்விடத்திலேயே ‘ஏ’ வகை எதிரியை உண்டாக்குகின்றது. மருந்து செல்லும் வழி வேறுபடின் காவல் நிற்கும் இடமும் வேறுபடும் என்பதே இதன் சாரம்.

ஓகையோ ஆராய்ச்சியிற் கண்ட உண்மை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1946 ஆம் ஆண்டிலே டொயில், அச்சிங்சு என்னும் இரு அறிஞர் பன்றிக்குட்டிகளை அழிக்கும் ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினர். தொற்றும் இரைப்பைக் குடலழற்சி எனப்படும் அந்நோய் ஒரு வைரசினால் உண்டாவது. சிறுகுடலின் உட்புறத்தில் விரல்கள்போல் நீண்டிருக்கும் சடைமுளைகளின் கலங்களை அது அழிக்கின்றது. சடைமுளைகள் அழிந்தபின் குடித்த பாலைக் குட்டி உறிஞ்சமாட்டாது. நீர்போன்ற கழிச்சலும் வாந்தியும் உண்டாகி, உடலின் நீர் வற்றி, குட்டி சில நாட்களில் இறக்கின்றது. இரண்டு கிழமைக்கு உட்பட்ட குட்டிகள் ஏறக்குறைய முழுவதும் மடிவதுண்டு. வளர்ந்த பன்றிகளோ சில நாட்கள் வருந்தித் தேறிவிடும்.

இந்நோய்க்குத் தடுப்பு மருந்தை ஊசியாகச் சினைப்பன்றிகளுக்கு ஏற்றிப் பார்த்தபொழுது, தாயின் குருதியில் எதிரிகள் மிகுந்தன. ஆயினும் குட்டிகள் போதிய அளவு பிழைக்கவில்லை. இயற்கையாக நோய்வந்து தேறிய தாயின் குட்டிகளோ நன்றாகப் பிழைத்தன. இவ்வேறுபாட்டின் காரணத்தை ஓகையோ மாநிலத்தின் வூசுற்றர் நகரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் எட்வேட் போல் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1970 களின் முற்பகுதியில் ஆராய்ந்து வெளியிட்டனர். அவருடன் பணிபுரிந்தவருள் லிண்டா சயிவ் என்னும் அம்மையாரும் ஒருவர். இத்துறையில் நெடுங்காலம் உழைத்த அவ்வம்மையாருக்கு 2015 இல் கமத்தொழிலுக்கான உவொல்வ் பரிசு வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டது யாதெனில்: ஊசி ஏற்றிய தாயின் பாலில் இருந்த எதிரி பெரும்பாலும் ‘ஜீ’ வகையினது, அது கடும்புப்பாலில் மிகுந்திருந்து விரைவிற் குறைந்தது. குடலிற் கிருமி தொற்றிய தாயின் பாலிலோ ‘ஏ’ வகை எதிரி பாலூட்டும் காலத்தில் நிலைத்து நின்றது. தாயின் குடலில் உண்டான தூண்டல் மடிக்கு எவ்வாறு சென்றது? குடற்சுவரிற் பயிற்சி பெற்ற நிர்ப்பீடனக் கலங்கள் குருதியோடு பெயர்ந்து, ஈனுங் காலத்திற் பால்மடியில் வந்து தங்கி, அங்கே அவ்வெதிரியைச் சுரக்கின்றன என்பதே விடையாயிற்று. அதாவது, தாயின் குடலுக்கும் மடிக்கும் இடையே இயற்கை ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கின்றது. தாய் தன் குடலில் அறிந்த நோய்க்கு எதிராகத் தன் குட்டிக்குப் பால் வழியே காவல் அனுப்புகின்றது.

இக்காவல் பால் குடிக்கும்வரையே நிற்கும் என்பதையும் மறத்தலாகாது. அக்குட்டியை நிர்ப்பீடனமில்லாத வேறொரு தாயிடம் மாற்றினாலோ, பால் குடிப்பதை நிறுத்தினாலோ, குடலின் பூச்சு விரைவில் நீங்கிவிடும். குட்டி மீண்டும் நோய்க்கு ஆளாகும்.

ஊசி நற்பயன் தரும் நோய்

மேற்கூறியவற்றைக் கொண்டு ஊசிகள் யாவும் வீண் எனக் கொள்ளலாகாது. பிறந்த சில நாட்களுள் குட்டிகளைத் தாக்கும் மற்றொரு வயிற்றோட்டம் ஈ. கோலி என்னும் பற்றீரியாவினால் உண்டாகின்றது. இப்பற்றீரியா தன் உடலிலுள்ள மயிரிழை போன்ற உறுப்புகளாற் குடலின் சுவரைப் பற்றிக்கொண்டு நஞ்சைச் சுரக்கின்றது. அவ்விழைகள் பற்றாதவாறு தடுத்தால் நோய் வராது.

இங்கிலாந்தில் றட்டர், யோன்சு என்னும் இருவர் 1973 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்விழைப் பொருளையே மருந்தாகச் சினைப்பன்றிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினர். அவற்றின் குட்டிகள் கடும்புப்பாலைக் குடித்தபின் கடிய கிருமியைக் கொடுத்தபோதும், ஊசி ஏற்றாத தாய்களின் குட்டிகளைவிட மிகக் குறைவாகவே இறந்தன. இன்று பல நாடுகளிற் சினைப்பன்றிக்கு ஏற்றப்படும் ஈ. கோலி ஊசிகள் இவ்வழியைப் பின்பற்றியவையே.

ஒரு நோயில் ஊசி குறைந்த பயனையும் மற்றொன்றில் நிறைந்த பயனையுந் தருவது ஏன்? பிறந்த குட்டியின் ஈ. கோலி நோய் பெரும்பாலும் முதற் சில நாட்களில் வருவது. அந்நாட்களிற் கடும்புப்பாலிலுள்ள ‘ஜீ’ வகை எதிரி குடலிலும் ஏராளமாக நிற்கின்றது. காவல் வேண்டிய காலமும் காவல் நிற்கும் காலமும் ஒன்றுபடுகின்றன. வைரசு நோயோ பால்குடிக்கும் காலமெல்லாம் அச்சுறுத்துவது; கடும்புப்பாலின் காவல் அதுவரை நில்லாது. ஆயினும் ஈ. கோலி ஊசியின் பயனும் குட்டி கடும்புப்பாலைக் காலத்திற் குடித்தாலன்றிக் கிடையாது. ஊசி தாய்க்கே ஏற்றப்படுகின்றது. குட்டிக்கு அதனை ஏற்றுவது மடியேயாகும்.

பால் மறந்த குட்டிகள்

குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தவுடன் பாலிலுள்ள காவல் அற்றுப்போகின்றது. உணவும் இடமும் மாறுகின்றன. அவ்வேளையில் ஈ. கோலி மீண்டும் தாக்குகின்றது. இக்குட்டிக்குத் தசையில் ஊசி ஏற்றினால் எதிரிகள் குருதியில் நிற்குமேயன்றிக் குடலிற் போதிய அளவு சுரப்பதில்லை. ஆதலால் நோயுண்டாக்காத உயிருள்ள ஈ. கோலி வகையொன்றை வாயினாற் கொடுக்கும் மருந்து ஐரோப்பாவில் 2015 இல் அனுமதிக்கப்பட்டது. 18 நாள் வயதிலிருந்து அதனைக் கொடுக்கலாம். 7 நாட்களிற் காவல் தொடங்கி, மருந்து கொடுத்த நாளிலிருந்து 21 நாட்கள்வரை நிற்கும். ஆகவே பால் மறக்கச்செய்யும் நாளுக்கு ஒரு கிழமை முன்னராவது அதனைக் கொடுத்தல் வேண்டும். பிரித்த அன்று கொடுப்பின், ஆபத்து மிகுந்த முதற் கிழமையிற் குட்டி காவலின்றி நிற்கும்.

வளரும் பன்றிகளிற் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தடிக்கச்செய்து வளர்ச்சியைக் குன்றச்செய்யும் இலோசோனியா என்னும் பற்றீரியா நோய்க்கும் வாய்வழி மருந்து அமெரிக்காவில் 2001 முதல் விற்பனையாகி வருகின்றது. அந்நோய்க்குப் பின்னர் ஊசி மருந்தும் ஆக்கப்பட்டது. அதுவும் பயன் தருகின்றது. எல்லா நோய்க்கும் பொதுவான ஒரே விதி இல்லை என்பதற்கு இது சான்றாகும். நோய்க்கேற்ற வழியைத் தெரிந்துகொள்ளுதலே அறிவுடைமை.

2013 ஆம் ஆண்டு தந்த படிப்பினை

பன்றிக் கொள்ளை வயிற்றோட்டம் எனப்படும் மற்றொரு வைரசு நோய் 1971 இல் இங்கிலாந்தில் முதன்முதற் காணப்பட்டது. 2010 இன் இறுதியிற் சீனாவிற் கடிய வகை ஒன்று தோன்றிப் பெருஞ்சேதம் விளைத்தது. 2013 இன் இளவேனிற் காலத்தில் அந்நோய் அமெரிக்க ஐக்கிய நாடுகளை அடைந்து, ஏறக்குறைய ஓராண்டுக்குள் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட குட்டிகளை அழித்ததென மதிப்பிடப்பட்டது. அந்நாட்டுப் பன்றிகள் அவ்வைரசை முன்னர் அறிந்தனவல்ல. ஆகவே தாய்ப்பாலிற் காவல் இருக்கவில்லை.

2014 இல் அங்கு ஊசி மருந்துகள் இரண்டு அனுமதி பெற்றன. அவை முன்னர் நோய்கண்டு தேறிய தாய்ப்பன்றிகளின் பாலிலுள்ள எதிரிகளை நன்கு பெருக்கின. வைரசை ஒருபோதும் அறியாத தாய்களிலோ அவற்றின் பயன் குறைவாகவே இருந்தது. முதலிற் குடலைப் பழக்கிய பின்னரே ஊசி அப்பழக்கத்தை வலுப்படுத்துகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. தென்கொரியாவில் வலு குறைத்த வைரசை வாயினாற் கொடுக்கும் மருந்து 2004 முதலே வழக்கில் இருந்தது. ஆயினும் புதிய வகை வைரசு தோன்றியபோது பழைய வகையைக் கொண்டு ஆக்கிய மருந்துகள் முழுப்பயன் தரவில்லை. வழி சரியாக இருந்தாலும் மருந்தும் நோயின் வகைக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும்.

வாய்வழி மருந்து கெடும் வகைகள்

வாய்வழி மருந்தில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். அவை இறந்தால் மருந்து வெறும் நீரேயாகும். எனவே பின்வருவனவற்றைக் கவனித்தல் இன்றியமையாதது.

மருந்தை வாங்கிய இடத்திலிருந்து கொடுக்கும் வேளைவரை 2 பாகை தொடக்கம் 8 பாகை செல்சியசு வரையுள்ள குளிரில் வைத்தல் வேண்டும். வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியிற் கிடந்த மருந்தை நம்புதல் கூடாது.

குளோரீன் இட்ட குழாய்நீரில் மருந்தைக் கலக்கலாகாது. கிருமியைக் கொல்லுவதற்கே குளோரீன் இடப்படுகின்றது. மருந்தோடு வரும் அறிவுறுத்தலின்படி, ஆடை நீக்கிய பால்மா முதலியவற்றைச் சேர்த்துக் குளோரீனின் வேகத்தை நீக்கிய பின்னரே கலத்தல் வேண்டும். கழுவிய மருந்தின் மணம் வீசும் வாளிகளையும் தொட்டிகளையும் பயன்படுத்தலாகாது.

பற்றீரியா மருந்துகளைக் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் குறித்த நாட்களுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்துகளைத் தீனியிலோ நீரிலோ சேர்க்கலாகாது. இலோசோனியா மருந்துக்கு இக்காலம் முன் மூன்று நாளும் பின் மூன்று நாளுமாகும். ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தவாறு ஆகாதிருக்க வேண்டும்.

நீரிற் கலந்த மருந்தைச் சில மணி நேரத்துள் எல்லாக் குட்டிகளும் குடித்து முடித்தல் வேண்டும். அதற்கு முன் சிறிது நேரம் நீரை நிறுத்தி வைப்பின் குட்டிகள் விரைந்து குடிக்கும். நோயுற்றுக் குடிக்கமாட்டாத குட்டி மருந்தையும் பெறமாட்டாது. அதற்குத் தனியே வாயில் ஊட்டுதல் வேண்டும்.

செய்யத்தகாத செயல்

அமெரிக்காவிற் கொள்ளை வயிற்றோட்டம் பரவிய காலத்தில், நோயுற்ற குட்டிகளின் கழிச்சலையும் குடலையும் சினைப்பன்றிகளுக்கு ஊட்டி நிர்ப்பீடனம் உண்டாக்க முயன்றோர் பலர். மருந்து கிடையாத நெருக்கடியில், மிருக வைத்தியரின் மேற்பார்வையில் நடந்த செயல் அது. அதனைக் கேள்வியுற்று நமது கமக்காரர் தாமாகச் செய்ய முற்படலாகாது. எந்தக் கிருமி எவ்வளவு அதில் உண்டென்பதை ஒருவரும் அறியார். ஒரு நோயை அடக்கப்போய் வேறு பல நோய்களை மந்தை முழுவதிலும் விதைத்தவாறு முடியும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 இல் இலங்கையிலுங் காணப்பட்டதை நினைவிற் கொள்ளுக. அந்நோயால் இறந்த பன்றியின் உறுப்பொன்றே மந்தை முழுவதையும் அழிக்கப் போதுமானது. இறந்த குட்டிகளை ஆழமாகப் புதைத்து, மிருக வைத்திய அதிகாரிக்கு அறிவித்தலே தக்க வழி.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. வயிற்றோட்டம் கண்டவுடன் குட்டிகளின் வயது, கழிச்சலின் நிறம், தாய்ப்பன்றியும் நோயுற்றதா என்பன போன்ற விவரங்களைக் குறித்துவைத்து மிருக வைத்திய அதிகாரியிடங் கூறுக. நோய் இன்னதென்று தெரிந்த பின்னரே மருந்தும் வழியும் தெரியும். நாட்டில் அனுமதிக்கப்பட்ட மருந்து எதுவென்பதையும் அவரிடமே கேட்டறிக.

2. பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாட்கள். பொலிவித்த நாளை எழுதிவைப்பின், தாய்க்கு ஊசி ஏற்ற வேண்டிய நாளைத் தவறவிட நேராது. முதன்முறை ஏற்றும்போது பெரும்பாலும் இரு முறை ஏற்ற வேண்டியிருக்கும், ஒன்றோடு நிறுத்தலாகாது.

3. புதிதாக வாங்கும் சினைப்பன்றியை முதலில் வேறாக வைத்துக் கவனித்து, ஈனுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னரேனும் உமது கொட்டிலுக்குப் பழக்குக. அங்குள்ள கிருமிகளை அதன் குடல் அறிந்தாலன்றி அதன் பாலிற் காவல் உண்டாகாது.

4. ஒவ்வொரு குட்டியும் பிறந்து ஆறு மணி நேரத்துள் கடும்புப்பால் குடித்தல் வேண்டும். முதல் நாளில் ஒரு குட்டிக்கு 200 முதல் 250 கிராம் வரை கிடைப்பது நன்று. குட்டிகள் மிகுதியாயின், குடித்து நிறைந்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் அளவிற் பிரித்துவைத்துச் சிறியவற்றுக்கு இடங்கொடுக்க.

5. குட்டிகளை வேறு தாயிடம் மாற்ற நேரின், தன் தாயின் கடும்புப்பாலை முதல் நாள் குடித்த பின்னரே மாற்றுக.

6. ஈனும் கொட்டிலைக் கழுவி, உலரவிட்டு, குட்டிகள் படுக்குமிடத்தை வைக்கோலிட்டு வெப்பமாக வைக்க. குளிரில் நடுங்கும் குட்டி பால் குடியாது. கிருமிகள் அளவு கடந்து மிகுமாயின் எந்த நிர்ப்பீடனமும் தாங்காது.

7. கழிச்சல் கண்ட குட்டிக்குச் சுத்தமான நீரும், வைத்தியர் கூறும் உப்புக் கரைசலும் இடைவிடாது கிடைக்கச் செய்க. குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றலேயாகும்.

8. நோயுற்ற கொட்டிலின் எருவைப் பச்சையாக மரக்கறிப் பாத்திகளில் இடாது, குவித்து நன்றாக மக்கச்செய்து, குவியல் சூடேறித் தணிந்த பின் இடுக. பச்சையாக உண்ணும் இலைக்கறிகளுக்கு இது மிக முக்கியம்.

நெல்லுக்குப் பசளையிடும்போது காலமும் அளவும் பார்த்து இடுகின்றோம். நீர் பாய்ச்சும்போது எந்த மடையைத் திறப்பது என்று அறிந்து திறக்கின்றோம். பன்றிக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். பிறந்த நாட்களின் ஈ. கோலி நோய்க்குத் தாயின் ஊசியும் கடும்புப்பாலும். பாலூட்டுங் காலத்து வைரசு நோய்க்குக் குடலைப் பழக்கிய தாயின் பால். பால் மறந்த பின் வருவதற்குக் குட்டியின் வாய்வழி மருந்து. இம்மூன்றையும் வேறுபிரித்து அறிந்து நடப்பாராயின், ஈன்ற குட்டிகளுட் பெரும்பாலானவற்றைக் கமக்காரர் வளர்த்தெடுத்தல் கூடும்.